கொளஞ்சி வராத தண்ணீர்

குண்டு வருகிறது. ஊளை நீள்கிறது. நீண்டால் பயமில்லை. நமக்குப் பின்னால் பள்ளத்தில் விழும். விழுந்தது. கும். மலை ஒரு தரம் குலுங்கி நின்றது. அடுத்தது வருகிறது. இதற்கு ஊளை இல்லை. புதுத்துணியைக் கிழிக்கிற சத்தம் மட்டும். இது நமக்கு.

"நீச்சே! நீச்சே!"

ஹவில்தார் கத்துகிறார். கீழே, கீழே என்று. இதற்கு மேல் கீழே போக இடமில்லை. என் முகம் பாறையில் ஒட்டியிருக்கிறது. வாயில் கல்தூள். வெடித்தது. இடது காதில் வண்டு புகுந்தது போல் ஒரு ரீங்காரம். அந்த வண்டு இன்னும் வெளியே வரவில்லை.

கார்கில் சண்டை. ஆனி மாதம். ஊரில் மேல்காற்று அடித்துத் தென்னை மட்டை விழுகிற மாதம். இங்கே பாறையின் நிழல் பக்கமெல்லாம் பனி. இரவில் ஏறினோம். விடிவதற்குள் உச்சியைப் பிடித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. பிடிக்கவில்லை. விடிந்துவிட்டது. உச்சியில் எதிரி. நாங்கள் பாதிச் சரிவில். சுவரில் அப்பிய பல்லி மாதிரி. மேலே போனால் சுடுவான். கீழே போனாலும் சுடுவான். தலையைத் தூக்கினால் போதும், சுடுவான்.

என் பெயர் ஏழுமலை. எதிர்ப்பாறைக்குப் பின்னால் கிடப்பவன் கொளஞ்சி. என் தங்கை அஞ்சலையின் புருஷன். ஒரே ஊர். கல்வராயன் மலையடிவாரம், கோமுகி வாய்க்கால் ஓடுகிற ஊர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நிலம் கிடையாது. அறுவடைக்கு ஆள், கரும்பு வெட்ட ஆள், அதுவும் இல்லாத மாதத்தில் மலையேறிக் கடுக்காய் பொறுக்குவோம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒன்றாகப் போய் நின்றோம். ஒன்றாகவே தேறினோம். சின்னசேலத்தில் ஒன்றாக ரயிலேறினோம். மலைக்காரப் பையன்கள், நன்றாக ஏறுவார்கள் என்று அதிகாரி எங்களை முன்வரிசையில் விட்டார். எங்கள் மலையில் குளிர் என்றால் மார்கழியில் ஒரு போர்வை. அவருக்கு அதை யார் சொல்வது?

எனக்கும் கொளஞ்சிக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். வெட்டவெளி. அவ்வளவுதான் தூரம். தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் அதைத் தாண்டப் பார்த்தான். மேலிருந்து படபடவென்று ஒரு சத்தம். அவன் குனிந்த மேனிக்கே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழவில்லை. ஹவில்தார் அவனை இழுக்கக் கை நீட்டினார். அவரும் எழவில்லை. அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. எங்களோடு ஏறிய மற்றவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கொளஞ்சிக்குத் தொடையில் பட்டிருந்தது. துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன் என்று சொன்னான். எனக்கு அவன் பூட்ஸ் மட்டும் தெரியும். முகம் தெரியாது.

"மச்சான், கீறியா?"

இருக்கிறாயா என்று கேட்கிறான். எங்கள் பக்கத்துப் பேச்சு. வாசலில் நின்று வீட்டுக்குள் கேட்கிற குரல்.

"கீறன் மாப்ள."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"மச்சான், கீறியா?"

"கீறன்."

பொழுது முழுக்க இதுதான். அவன் கேட்பான். நான் சொல்வேன். நடுநடுவே வம்பு வேறு. "ஒந்தங்கச்சி வெக்கிற ரசத்துக்கு இந்த எடமே தேவல." நான் சிரித்தேன். சிரித்ததற்கும் மேலிருந்து சுட்டான். அஞ்சலை அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். பொட்டப்புள்ளயா இருந்தா நல்லது என்றான். "காது குத்தும்போது தாய்மாமன் மடி வேணுமில்ல. ஒழுங்கா வூடு போய்ச் சேரு" என்றான். நீயும் வா என்றேன். பிறகு, "சுடுதண்ணி ஒரு மடக்கு கெடச்சா போதும்" என்றான். குரல் கம்மியாகிவிட்டிருந்தது.

பனிமூட்டம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து அவன் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"மாப்ள, கீறியா?"

கேட்டேன். கேட்டுக்கொண்டே அந்த மாட்டுவண்டி அகலத்தை ஊர்ந்து தாண்டினேன். மூட்டத்தில் யாரும் சுடவில்லை. போய் அவன் கையைப் பிடித்தேன். பனிக்கட்டி. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. யார் வந்தார்கள், யார் என்னைத் தூக்கினார்கள், எப்போது இறக்கினார்கள், எதுவும் தெரியாது. இறங்கியதே எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் என் வலது கால் விரல்கள் மூன்றை எடுத்தார்கள். கறுத்துப்போயிருந்தன. நான் அங்கே கிடந்தபோது கொளஞ்சி ஊருக்குப் போனான். ஆணியடித்த பெட்டியில். மேலே கொடி. திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். திறக்கிற நிலையில் இல்லை என்பதை நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சலைக்கு நாசூக்கு புரியவில்லை. பெட்டியைத் தட்டித் தட்டிக் கேட்டாளாம். "உள்ள அவுருதானா? உள்ள அவுருதானா?" பொட்டு அழிக்கிறபோதும் கேட்டாளாம். நான் ஊன்றுகோலோடு வந்து இறங்கியபோது முதலில் கேட்டதும் அதைத்தான்.

"அண்ணா. பொட்டிக்குள்ள இருந்தது அவுருதானா?"

அவர்தான் என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு சொல் மிச்சம் வைக்கவில்லை. அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நீ பொட்டிய மூடும்போது பாத்தியா?" என்றாள். பார்க்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று வாய்க்கால் பக்கம் போய்விட்டேன்.

குழந்தை பிறந்தது. பொட்டப்புள்ளை. சரண்யா. என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். ஒவ்வொரு வருஷமும் ஆனியில் படையல் போடுவோம். களி, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை பாக்கு. பக்கத்தில் ஒரு சொம்பு சுடுதண்ணீர். அது அஞ்சலை சேர்த்தது. படையல் முடிந்ததும் நான் உட்கார்ந்து அந்த நாளைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அஞ்சலை சாப்பிடமாட்டாள். சரண்யா தவழ்ந்த காலத்திலிருந்து கேட்கிறாள். எங்கே குண்டு, எங்கே சிரிப்பு, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் ஒரு வரியைத் தாண்டினால், "மாமா, ரசத்த வுட்டுட்டீங்க" என்பாள். அவளுக்கு அப்பா என்றால் என் வாய்தான்.

அந்த மலையிலிருந்து நான் இறங்கவில்லை. வருஷாவருஷம் ஏற்றிவிடுகிறார்கள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடை வாசலில் செக்யூரிட்டி வேலை. உள்ளே ஏசி. நான் உள்ளே போகமாட்டேன். கதவு திறக்கும்போது முதுகில் அந்தக் குளிர் படும். வெயிலில் தள்ளி நின்றுகொள்வேன். உள்ளே வந்து நில்லுங்க என்று முதலாளி நல்ல மனசோடுதான் சொல்வார். வீட்டில் பிரிட்ஜ் வாங்கவில்லை. கரும்புச்சாறு குடித்தாலும் ஐஸ் இல்லாமல். தீபாவளிக்கு வெடி போடுகிற இரண்டு நாளும் கல்வராயன் மலைமேலே தெரிந்தவர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன். ஊரில் கேலி பேசுவார்கள். பட்டாளத்தான் பட்டாசுக்குப் பயப்படுகிறான் என்று. பேசட்டும்.

இந்த வருஷம் சரண்யாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை மணலூர்பேட்டை. நல்ல பையன். இவள் வேலை செய்கிற கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து போனவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. வீட்டிலும் பேசிவிட்டார்கள். பத்திரிகை அடித்தாயிற்று. பந்தக்கால் நட்டாயிற்று.

பூவாடை அழைக்க வேண்டும் என்றாள் அஞ்சலை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் அதைச் செய்யாமல் விடமாட்டார்கள். அந்த வீட்டில் செத்துப்போனவர்களை ஏரிக்கரையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ அழைத்து வருவது. புதுப்பானையில் அந்தத் தண்ணீரை மொண்டு, பூச்சுற்றி, பம்பை அடித்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். செத்தவர் தண்ணீர் வழியாக வருவார். சொந்தத்தில் யார் மேலாவது இறங்கிப் பேசுவார். சம்மதம் கேட்பார்கள். கொடுத்த பிறகுதான் தாலி.

கொளஞ்சியின் அண்ணன் கலியன் தன் மகனுக்குக் கல்யாணம் செய்தபோதும் அழைத்தார்கள். கொளஞ்சி வரவில்லை. அன்றைக்கு அஞ்சலை அதை விட்டுவிட்டாள். இது அவள் மகள் கல்யாணம்.

"அவுரு வரணும். வந்து எம்பொண்ணுக்குச் சொல்லணும். வரலன்னா தாலி கட்ட வுடமாட்டன்."

"பத்திரிகை குடுத்தாச்சி அஞ்சல. இன்னா பேசற நீ?" என்றார் கலியன்.

"செத்தவரா இருந்தா வருவாரு மாமா. வரலன்னா இன்னா அர்த்தம்? எங்கியாவது உசுரோட கீறாருன்னு அர்த்தம். அப்பன் உசுரோட கீறப்ப அவுரக் கேக்காம தாலி கட்டுவீங்களா?"

இத்தனை வருஷம் அவள் மனதில் இது இருந்திருக்கிறது.

சரண்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மாமா, இதெல்லாம் நீங்க நம்பறீங்களா?"

"நான் எதயும் நம்பல. ஒங்கம்மா நம்புது."

"வரலன்னா?"

"தெரியில கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை. காலை. ஏரியில் பாதித் தண்ணீர். பம்பைக்காரர்கள் வந்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொளஞ்சியின் அம்மா வந்தாள், கலியன் பெண்டாட்டி மேல். வெற்றிலை கேட்டாள், பேத்திக்குத் திருநீறு பூசினாள், உடம்பை விட்டு மலையேறினாள். பிறகு கொளஞ்சியைக் கூப்பிட்டார்கள். பம்பை நின்றது. காற்று மட்டும். மறுபடியும் கூப்பிட்டார்கள். யார் உடம்பும் அசையவில்லை. அஞ்சலை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மணலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த சம்பந்தி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு தரம். இல்லை.

பெரிய பம்பைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"அவுரு உசுரு போன எடத்துல இன்னா தண்ணிங்க? ஆறா, கெணறா?"

"தண்ணி இல்லிங்க. பனிதான்."

"அப்ப ஏரித் தண்ணில கூப்ட்டா எப்பிடி வருவாரு?"

இவ்வளவு காலம் தப்பான தண்ணீரில் கூப்பிட்டிருக்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எனக்கும்தான். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. கலியன் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். கள்ளக்குறிச்சி மீன் கடையில் ஐஸ் பார் வாங்கி, உமி போட்டுச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். சாக்கில் மீன் வாடை. மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். உடைத்தார்கள். பானையில் போட்டார்கள். பூச்சுற்றினார்கள்.

"யாரு தூக்கறது?"

"தாய்மாமன்தான்."

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சுற்றி ஆட்கள். பின்னால் ஏரி. முன்னால் அஞ்சலை. முடியாது என்று சொல்லலாம். சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். கை நீட்டினேன். பானையை வைத்தார்கள்.

குளிர். முதலில் உள்ளங்கை. பிறகு முழங்கை. பம்பை தொடங்கியது. வலது பக்கம் தடதடவென்று. இடது பக்கம் கும். கும். இல்லாத கால் விரல்கள் வலிக்கின்றன. பாறை. பனி. தேனிப் பையன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். என் உடம்பு நடுங்குகிறது. பல் அடித்துக்கொள்கிறது. யாரோ கத்துகிறார்கள்.

"வந்துட்டாரு! கொளஞ்சி வந்துட்டாரு!"

குலவை. அஞ்சலை ஓடி வந்து என் எதிரில் நின்றாள். கண் நிறையத் தண்ணீர். "நீங்கதானா? சொல்லுங்க. நீங்கதானா?"

கொளஞ்சி இல்லை. எனக்குத் தெரியும். இது ஏழுமலையின் நடுக்கம். துணிக்கடைக் கதவு திறந்தாலே வருகிற நடுக்கம். ஆமாம் என்றால் செத்தவன் வாயைத் திருடுகிறேன். இல்லை என்றால் என் தங்கை மறுபடியும் பெட்டியைத் தட்டுவாள். மேலே போனாலும் சுடுவான். கீழே போனாலும் சுடுவான். வாய் திறக்கவில்லை. பானையையும் விட முடியவில்லை. விரல்கள் ஒட்டிக்கொண்டன.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. வலது காதில்.

"மச்சான். கீறியா?"

பம்பை நின்றது. சரண்யா. மஞ்சள் பூசி ஒரு ஓரமாக உட்கார வைத்திருந்த கல்யாணப் பெண். எழுந்து நிற்கிறாள். தலைமுடி அவிழ்ந்திருக்கிறது. கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எங்கோ பார்க்கிறது. பெண்குரல்தான். ஆனால் வாசலில் நின்று வீட்டுக்குள் கேட்கிற அதே இழுவை.

"மச்சான். கீறியா?"

அவள் ஆயிரம் தரம் கேட்ட கதை. நான் சொல்லிக்கொடுத்த இழுவை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பதில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குப் பொழுது சாயும்வரை சொன்னவன் நான்.

"கீறன் மாப்ள."

நடந்து வந்தாள். எங்களுக்கு நடுவில் ஒரு மாட்டுவண்டி அகலம் இருந்திருக்கும். தாண்டி வந்தாள். யாரும் சுடவில்லை. என் கையிலிருந்து பானையை வாங்கித் தரையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"எவ்ளோ நேரம் இங்கியே கெடப்ப? வா. கீழ எறங்கலாம்."

இதை நான் எந்த வருஷமும் சொன்னதில்லை. கொளஞ்சி இதைச் சொல்லவில்லை. அந்த மலையில் இறங்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கிருந்து எடுத்தாள்? கேட்கமாட்டேன்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஓவென்று அழுதேன். இத்தனை பேருக்கு முன்னால். வெட்கமாக இல்லை.

அஞ்சலை அழவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். புருவம், மூக்கு, மோவாய் என்று விரலால் தடவிப் பார்த்தாள். பெட்டியில் பார்க்க விடாத முகம். அவசரமில்லாமல் பார்த்தாள். பம்பைக்காரர் சம்மதம் கேட்கச் சைகை காட்டினார். அவள் கேட்டாள்.

"கட்டலாமாங்க?"

"கட்டட்டும். மச்சான் இருந்து பாத்துக்கட்டும்." பிறகு, "சுடுதண்ணி குடு" என்றாள் சரண்யா.

யாரோ ஓடினார்கள். சொம்பு வந்தது. மடக்மடக்கென்று குடித்தாள். கண்ணைச் சிமிட்டினாள். தலையை அள்ளி முடிந்துகொண்டாள். "மாமா, எழுந்திரிங்க. மண்ணு" என்றாள். அவள் குரல்.

பானையில் கிடந்த ஐஸை ஏரியில் கொட்டினார்கள். கரையோரம் மிதந்து கரைந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடின. அதட்ட யாருக்கும் மனமில்லை.

கல்யாணம் நடந்தது. அப்பா இடத்தில் நான் நின்றேன். அன்றிலிருந்து அஞ்சலை என்னிடம் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த ஆனி வரும். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் எழுதி வைத்துவிட்டேன். மறக்கக் கூடாது என்றுதான்.

அந்தச் சரிவில் போனவர்கள், என் கண்ணில் பட்டவரை: ஹவில்தார். தேனிப் பையன், பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கொளஞ்சி.

என்னிடமிருந்து போனது: மூன்று விரல்கள், இடது காது, ஐஸ் போட்ட கரும்புச்சாறு.

அஞ்சலையிடமிருந்து போனது: புருஷன். அவன் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்ப்பது. பொட்டு.

சரண்யாவிடமிருந்து போனது: அப்பா என்று கூப்பிட ஒரு ஆள்.

மிச்சம் இருப்பது நான். யார் கேட்டாலும் சொல்வேன்.

கீறன்.